பப் என்றால் பலர் புகும் மனை

போன மாதம் நாலு பேர், எல்லாரும் கல்லூரிக் கால நண்பர்கள், பெங்களூரில் ஒரு சனி ஞாயிறைக் கழிக்கலாம் என்று திட்டம் போட்டோம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் "பப் ஹாப்பிங் போறோம்", அதாவது ஒரு பப்பிலிருந்து இன்னொன்றுக்கு என்று போகப் போகிறோம், என்று எழுத, தமிழில் சொல்லிப் பார்ப்போமே என்று நான் "மதுக்கடை தாவல்" என்று போட்டேன். உடனே இன்னொருத்தன் கேட்டான்: "ஏன்டா, டாஸ்மாக் டாஸ்மாக்கா போறதுக்கா பெங்களூர் வரைக்கும் வர்றோம்?" அவன் கேட்டது சரிதான். கடை என்றால் வாங்கிக்கொண்டு கிளம்பும் இடம், பப் உட்கார்ந்து பேசும் இடம். அப்படியானால் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வி அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடுவோம். பப் என்பது "பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கம். பப்ளிக் லத்தீனிலிருந்து வந்தது, மக்களுக்கு உரியது என்று பொருள். ஹவுஸ் வீடு. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று திறந்து வைத்த வீடு, அவ்வளவுதான். குடி, மது, பியர் எதுவும் அந்தப் பெயருக்குள் இல்லை. இங்கிலாந்தில் இதற்கு முன்னோடி ஏல் ஹவுஸ், ஏல் என்பது ஒரு வகை பியர். நடுக்காலத்தில் வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் ஏல் காய்ச்சினார்கள், காய்ச்சி முடிந்ததும் வாசலில் ஒரு நீளக் கம்பை நீட்டி வைப்பார்கள், அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து உட்காருவார்கள். இந்தக் கம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பார் என்பது வேறு சொல். குறுக்குக் கட்டை, தடுப்பு என்பதுதான் அதன் பொருள், ஊற்றுபவருக்கும் குடிப்பவருக்கும் நடுவே இருக்கும் மேடையிலிருந்து இடத்துக்கே பெயராகிவிட்டது. டேவர்ன் என்று மூன்றாவது ஒன்று உண்டு, லத்தீனில் தபெர்னா, குடில் அல்லது கடை. இந்தச் சொல் மட்டும் கடல் கடந்து வந்து ஈழத்தமிழில் "தவறணை" ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தவறு என்ற சொல்லோடு அதற்கு எந்த உறவும் இல்லை, ஒலி அப்படி அமைந்துவிட்டது.

இப்போது பப்புக்குப் புழக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். மதுக்கூடம், அருந்தகம் இரண்டும் பாருக்குப் பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். "மது விடுதி" என்று செய்திகளில் எழுதுகிறார்கள், மோசமில்லை, ஆனால் விடுதி என்றதும் தங்குவதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. "கேளிக்கை விடுதி" இன்னும் விலகிப் போகிறது. அதற்குள் ஆட்டம், பாட்டு, மின்னும் விளக்கு எல்லாம் வந்துவிடுகிறது, நாலு பேர் மரபெஞ்சில் உட்கார்ந்து பழைய கதை பேசும் இடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

இப்படித் தேடிக்கொண்டே போனபோதுதான் பட்டினப்பாலையில் இந்த வரி கண்ணில் பட்டது, காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் இடம்:

பலர் புகு மனைப் பலிப் புதவின்
நறவு நொடைக் கொடியோடு

நறவு என்றால் கள், நொடை விற்பனை, புதவு வாசல். பலரும் புகும் மனையின் வாசலில் கள் விற்பதற்கு அடையாளமாக ஒரு கொடி! ஏல் ஹவுஸின் கம்பும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. "பலர் புகு மனை" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிப் பாருங்கள், பப்ளிக் ஹவுஸ் வந்து நிற்கும். முந்தைய வரிகளில் முற்றத்தில் மீனையும் இறைச்சியையும் பொரிக்கும் ஓசைகூட வருகிறது. படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே என் பரிந்துரை "மதுமனை". மனை என்றால் இன்றைக்கு நிலம் விற்பவர்கள் சொல்லும் வீட்டுமனை மட்டும்தானே என்று கேட்கலாம். இல்லை, மருத்துவமனை, பணிமனை, அரண்மனை, அடுமனை என்று இடத்தைக் குறிக்கும் சொல்லாக அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மது வடசொல் என்று தயங்குபவர்கள் நறவுமனை என்று சொல்லட்டும், எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

அடுமனை என்றதும் இன்னொன்று. பெங்களூரில் இப்போது தாங்களே பியர் காய்ச்சி ஊற்றும் இடங்கள் நிறைய, இந்திராநகர் 100 அடி சாலையில் இருக்கும் டாய்ட் போல. மைக்ரோ ப்ரூவரி என்கிறார்கள். இதற்கு "வடிப்பாலை" என்று எழுதுவதைப் பார்க்கிறேன், வடிப்பது என்றால் சாராயம்தான் நினைவுக்கு வரும், பியரைக் காய்ச்சிப் புளிக்க வைக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் "இல்லடு கள்ளின் தோப்பி" என்று வருகிறது, வீட்டில் அட்ட கள், நெல்லில் செய்தது என்று உரை சொல்கிறது. அதே நூலில் "கள்ளடு மகளிர்" என்றும் உண்டு. அடுதல் என்றால் சமைத்தல். தானியத்தைக் காய்ச்சி மதுவாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

சரி, ஹாப்பிங். ஹாப் என்றால் தத்துதல், குருவி தத்தித் தத்திப் போகிறதே அது. இங்கிலாந்தில் இதையே பப் க்ரால் என்பார்கள், ஊர்ந்து போவது. தத்துவதையும் ஊர்வதையும் அப்படியே மொழிபெயர்க்க வேண்டியதில்லை, நமக்கென்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் "கடை கடையா ஏறி இறங்கினோம்" என்கிறோம் இல்லையா? அதுதான். மதுமனை மதுமனையாக ஏறி இறங்குவது.

நாங்கள் அப்படித்தான் ஏறி இறங்கினோம். சனிக்கிழமை மாலை எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கினால் சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு, ரெஸ்ட் ஹவுஸ் ரோடு எல்லாமே நடக்கும் தூரம். பெங்களூரில் பப் வேர்விட்டது 1980களில், இந்தத் தெருக்களில்தான். ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பீகோஸ் என்ற பப் இன்றைக்கும் இருக்கிறது. இருட்டும் முன் போனால் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளிலும் ஏறி இறங்கலாம், நான் அதைத்தான் முதலில் செய்வேன். ஞாயிறு இந்திராநகர், அதே ஊதா வழித்தடத்தில் மூன்றாவது நிறுத்தம். ஆனால் இரவு 1 மணி வரை மதுமனைகள் திறந்திருக்கும், மெட்ரோ அதற்கு வெகு முன்பே நின்றுவிடும், திரும்ப ஆட்டோவோ டாக்சியோதான். வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம், அதைவிடப் பெரிது சாலையில் எதிரே வருகிறவரின் உயிர். வயதுக்குச் சான்றாக அடையாள அட்டை கேட்பார்கள், கையில் இருக்கட்டும்.

நைட்லைஃபுக்கு "இரவு வாழ்க்கை" என்று எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. இரவுக் களியாட்டம் என்பது நல்ல தமிழ். களி என்ற வினைக்கு மகிழ்வது என்றும் பொருள், மது மயக்கம் கொள்வது என்றும் பொருள், "களித்தானைக் காரணம் காட்டுதல்" என்று வள்ளுவர் சொல்வது அந்த இரண்டாவதைத்தான்.

சனி இரவு கடைசியாக ஓர் இடத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "ஸ்டாக் என்ட்ரி இல்லை சார்." ஸ்டாக் என்றால் ஆண் மான், பெண்கள் துணையில்லாமல் வரும் ஆண்களுக்கு அப்படி ஒரு பெயர். பெண்கள் உள்ளே நிம்மதியாக இருக்கத்தான் அந்த விதி என்றால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஜோடியாக வந்தால்தான் கதவு திறக்கும் என்றால் அது பலர் புகும் மனை ஆகாது, வெளியே பலகையில் பப் என்று எழுதியிருந்தாலும். அந்த மாதிரி இடத்துக்குக் கேளிக்கை விடுதி என்ற பெயரே போதும்.