தோள்வலிக்குத் தைலம் தேய்ப்பதற்கு முன்

மறுபடியும் ஒருவர் வந்துவிட்டார். மாலத்தீவில் ஒரு வாரம் சிலிண்டரோடு கடலுக்கடியில் டைவிங். சென்னைக்குத் திரும்பும் விமானத்திலேயே வலது தோளில் வலி ஆரம்பித்திருக்கிறது. சிலிண்டர் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று தைலம், அப்புறம் வலி மாத்திரை, அப்புறம் எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். டைவிங் போனதை எலும்பு டாக்டரிடம் இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு விரல்கள் மரத்துப்போன பிறகுதான் யாரோ சொல்லி எங்கள் ஹைப்பர்பேரிக் பிரிவுக்கு, அதாவது அழுத்தம் கூட்டிய அறையில் (சேம்பரில்) ஆக்சிஜன் கொடுக்கும் இடத்துக்கு, வந்தார்.

கடைசி டைவ் எப்போது, ஃபிளைட் எப்போது என்று கேட்டேன். காலை ஒன்பதரைக்குத் தண்ணீரிலிருந்து ஏறியிருக்கிறார், மூன்று மணிக்கு ஃபிளைட். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன்பே பறந்தால் அது குமிழிகளாகிவிடலாம். அதுதான் டிகம்ப்ரஷன் நோய். என் முகம் மாறியதைப் பார்த்து, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார்: "ஆனா கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட பீப் அடிக்கலையே டாக்டர்!"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அவர் கடைசியாக இறங்கிய இடம் 'மால்டீவ்ஸ் விக்டரி'. சிங்கப்பூரிலிருந்து ரிசார்ட்டுகளுக்குச் சரக்கு ஏற்றிவந்து 1981 பிப்ரவரி 13 அன்று ஹுல்ஹுலே தீவின் பவளத்திட்டில் மோதி மூழ்கிய கப்பல். 35 மீட்டர் ஆழ மணலில் நிமிர்ந்தே நிற்கிறது. ஹுல்ஹுலேயில்தான் மாலேயின் விமான நிலையமும் இருக்கிறது. கப்பலைப் பார்த்துவிட்டு நேராக செக்-இன் போய்விடலாம் என்ற ஆசை அங்கேதான் வருகிறது. இத்தனைக்கும் மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் சட்டப்படி எல்லை. மணலைத் தொட்டுவிட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொல்பவர் எல்லையைத் தாண்டியவர்.

சரி, கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் மணிக்கட்டில் இருப்பது உங்கள் ரத்தத்தை அளக்கவில்லை. அதற்குத் தெரிந்தது இரண்டுதான்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். அதை வைத்துக்கொண்டு ஒரு சராசரி மனித உடலில் இவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறது. இன்று பல கருவிகளில் ஓடுவது சுவிஸ் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் உருவாக்கிய கணக்கு. உடலை 16 பாகங்களாகக் கற்பனை செய்துகொண்டு ஒவ்வொன்றிலும் வாயு எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று பார்க்கும். அருமையான கணக்கு, குறை சொல்லவில்லை. ஆனால் நேற்றிரவு நீங்கள் தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கப்பலடியில் நீரோட்டத்தை எதிர்த்து மூச்சிரைக்க நீந்தினீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியில் மூடாத சிறு வழி இருக்கும். அதன் வழியாகக் குமிழிகள் நேரே மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் போகலாம். இதுவும் அதற்குத் தெரியாது. பீப் அடிக்கவில்லை என்றால் கணக்குக்குள் இருந்தீர்கள், அவ்வளவுதான். கணக்குக்குள் இருந்தும் டிகம்ப்ரஷன் நோயோடு வருபவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

இன்னொன்று. டைவ் முடிந்ததும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் திரை ஓரத்தில் சின்னதாக ஒரு விமானப் படம் தெரியும். இன்னும் பறக்காதே என்று அர்த்தம். அதற்குச் சத்தம் கிடையாது. பீப்பை மட்டும் நம்பியவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

"ரீஃப் (பவளத்திட்டு) டைவ்தானே, 12 மீட்டர்தானே" என்பதும் பழைய பாட்டு. தினம் மூன்று டைவ் என்று நாலு நாள் போட்டால் ரீஃபிலும் நைட்ரஜன் சேரும்.

விமானம் எத்தனை அடியில் பறந்தாலும் கேபினுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல்தான். டைவிங் வகுப்பில் கேட்ட சோடா பாட்டில் கதைதான்: மூடியைத் திறந்து அழுத்தம் குறைந்ததும் கரைந்த வாயு குமிழியாக வரும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழித்துப் பறக்கலாம். பல டைவ், பல நாள் என்றால் 18. டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் காத்திருப்பது) தேவைப்பட்ட டைவ் என்றால் அதற்கும் மேல். என்னைக் கேட்டால் எல்லாருக்கும் 24 என்பேன், கணக்குப் போடும் வேலையாவது மிச்சம். சீப்ளேனும் விமானம்தான். டிக்கெட் போடும்போதே கடைசி நாளை டைவ் இல்லாமல் காலியாக விடுங்கள்.

டைவுக்குப் பிறகு தோள், முழங்கை வலி, மரமரப்பு, தலைசுற்றல், தோலில் பளிங்குக் கோடுகள் மாதிரி திட்டு, சிறுநீர் கழிக்க முடியாமை, காரணமில்லாத அசதி எது வந்தாலும் உடனே டைவ் சென்டரில் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. படுக்கவைத்துத் தூய ஆக்சிஜன் கொடுக்க அவர்களுக்குத் தெரியும். வலி குறைந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். மாலேக்குப் பக்கத்திலேயே பண்டோஸ் தீவில் சேம்பர் இருக்கிறது. வலியோடு விமானம் ஏறாதீர்கள். மறுபடி தண்ணீரில் இறங்கிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் சேம்பரில் தினமும் உட்காருபவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோயால் கால்புண் வந்தவர்கள். டைவர் வந்தால் அழுத்தம் வேறு: 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக ஏற்றி, முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வைத்திருப்போம். அழகு நிலையங்களில் காற்றடைத்து நிறுத்தும் பைகளில் இது நடக்காது. அவை பொதுவாகச் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 1.3 மடங்கோடு நின்றுவிடும், இதற்கு வேண்டியது 2.8 மடங்கு. அங்கே பணத்தைக் கொடுத்து நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

நம்மாளுக்குத் தோள்வலி முதல் சிகிச்சையிலேயே போய்விட்டது. விரல் மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் என்று அவரிடம் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். தாமதமானாலும் வாருங்கள், ஓரளவாவது பலன் இருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "டைவிங் போயிருந்தேன்" என்று சொல்லுங்கள். வாடகைக் கம்ப்யூட்டர் என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் அதிலுள்ள டைவ் விவரங்களை ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இவரிடம் அது இல்லை. ஆழமும் நேரமும் அவருக்கு எவ்வளவு ஞாபகமோ அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.