கியூட்டினேஸ் 'மெழுகு நொதி' அல்ல

இலையின் மேலுறையைச் சிதைக்கும் கியூட்டினேஸ் என்ற பாக்டீரிய நொதிகளை 'மெழுகு நொதி' என்று எழுதுவது பெருகிவிட்டது. தவறு.

இலத்தீனில் 'கியூட்டிஸ்' என்றால் தோல். அதிலிருந்து இலையின் மேலுறைக்குக் கியூட்டிகிள், அந்த உறை ஆன பொருளுக்குக் கியூட்டின். 'ஏஸ்' என்ற ஈறு, 1833இல் பிரான்சில் பாயேன், பெர்சோ என்ற வேதியியலாளர்கள் கண்டறிந்த டயஸ்டேஸ் என்ற நொதியின் பெயரிலிருந்து வந்தது. பிறப்பு அவ்வளவுதான்.

அந்த உறையில் மெழுகு இருப்பது உண்மைதான். தாமரை இலையில் நீர் ஒட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மெழுகு வேறு, கியூட்டின் வேறு. இலையைக் குளோரோஃபார்மில் முக்கினால் மெழுகு கரைந்துவிடும்; கியூட்டின் அப்படியே நிற்கும். ஏனென்றால் அது 16, 18 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் கோத்துக்கொண்ட வலைப்பின்னல், அதாவது ஒரு பாலியெஸ்டர். கியூட்டினேஸ் வெட்டுவது அந்தப் பிணைப்பைத்தான். செய்திகளில் 'மெழுகுப் பூச்சு' என்று பொதுவாகச் சொல்லியிருப்பார்கள். மொழிபெயர்ப்பவர் பொருளைத் தேடாமல் அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் சூட்டிவிடுகிறார்.

தமிழ் வழக்கிலும் அது இடறுகிறது. உமிழ்நீர் நொதி என்றால் உமிழ்நீரில் இருக்கும் நொதி. அப்படியானால் மெழுகு நொதி எங்கே இருப்பது? 'புறத்தோல் நொதி' என்று எழுதினாலும் இதே சிக்கல்.

இதனால் வரும் நட்டம் சின்னதல்ல. 2012இல் ஒசாகா பல்கலைக்கழகத்தினர் மக்கிய இலைதழை உரத்திலிருந்து ஒரு கியூட்டினேஸின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நொதியை மாற்றியமைத்த துலூஸ் ஆய்வுக் குழு, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் 90 விழுக்காட்டை 10 மணி நேரத்தில் அதன் அடிப்படை அலகுகளாகப் பிரித்ததை 2020இல் வெளியிட்டது. தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் என்பதால் நடந்தது இது. 'மெழுகு நொதி' என்று படித்த மாணவர், மெழுகுக்கும் பாட்டிலுக்கும் என்ன தொடர்பு என்று விழிப்பார்.

கியூட்டினையும் தமிழாக்கி 'தோலியம்' என்று வைக்கலாமே என்பார்கள். வேண்டாம், மனிதத் தோல் நினைவுக்கு வரும். வேதிப்பொருளின் பெயர் அப்படியே இருக்கட்டும், அது படும் வினை தமிழில் வரட்டும்: கியூட்டின் சிதைநொதி. தெர்மோபிஃபிடா ஃபஸ்கா போன்ற பாக்டீரியாக்கள் சுரப்பதைப் பாக்டீரியக் கியூட்டின் சிதைநொதி எனலாம். இலங்கையில் நொதியை நொதியம் என்பார்கள், அதிலும் குழப்பமில்லை.