பதிப்புரிமை இருக்கக் காப்புரிமை எதற்கு?

பாடநூல் பகுதிகளைப் படியெடுத்து விற்றதற்காகத் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கைப் பற்றி அண்மையில் தமிழில் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தேன். ஆய்வில் குறையில்லை. ஆனால் தலைப்பு முதல் கடைசி வரி வரை ‘காப்புரிமை’ என்றே எழுதியிருக்கிறார்கள். வழக்கு நடந்தது காப்பிரைட்டுக்காக. அதற்குத் தமிழ் பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட். முன்னதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம், பின்னதற்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம்.

வேர் எளிது. ஆங்கில அச்சுத் தொழிலில் ‘காப்பி’ என்றால் அச்சுக்குக் கொடுக்கும் மூலப்படி. அதை அச்சிடும் உரிமை காப்பிரைட். 1710இல் பிரிட்டனில் நடப்புக்கு வந்த ஆன் அரசியார் சட்டம் அதை நூலாசிரியருக்கு உரியதாக்கியது. ‘பேட்டன்ட்’ லத்தீன் வழி வந்தது. திறந்திருப்பது என்று பொருள். அரசர் முத்திரையோடு, எவரும் படிக்கும்படி மூடாமல் விட்ட ஆணை அது.

அப்படியானால் காப்பிரைட் எப்படிக் காப்புரிமை ஆயிற்று? காது செய்த வேலை என்பது என் ஊகம். ‘காப்பி’ ஒலித்த இடத்தில் ‘காப்பு’ வந்து உட்கார்ந்துவிட்டது. படைப்பைக் காக்கும் உரிமைதானே என்று இதற்கு நியாயமும் சொல்கிறார்கள். வணிகக் குறியைக்கூடச் சட்டம் காக்கத்தான் செய்கிறது. அதையும் காப்புரிமை என்போமா? நூலில் காப்பு என்றால், முதல் பக்கத்தில் பிள்ளையாரை வேண்டும் செய்யுள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மேலும், பதிப்புரிமைச் சட்டம் காவல் மட்டும் காப்பதில்லை. அதன் 52ஆம் பிரிவு எவையெல்லாம் மீறல் ஆகா என்று நீளமாக அடுக்குகிறது. பாடம் நடத்தப் படியெடுப்பதும் அதில் அடக்கம். தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் ஜெராக்ஸ் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் அந்தப் பிரிவை வைத்துத்தான். பதிப்புரிமை தெய்வமோ இயற்கையோ தந்த உரிமை அல்ல என்றும் சொன்னது.

‘தன் பாடலுக்குக் காப்புரிமை பெற்றார்’ என்று செய்தி எழுதுகிறார்கள். பாடலுக்கான பதிப்புரிமை விண்ணப்பித்துப் பெறுவதல்ல. எழுதியதுமே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை, ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. கண்டுபிடிப்புக்கான காப்புரிமையோ விண்ணப்பம், ஆய்வு, ஆட்சேபம் எல்லாம் கடந்து கிடைப்பது. ஆயுள் 20 ஆண்டுகள். செய்தியை நம்பி ஒரு கவிஞர் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

பதிப்புரிமை என்ற சொல்லையும் குறை சொல்பவர்கள் உண்டு. பதிப்பகத்தாரின் உரிமை போலத் தொனிக்கிறதாம். அச்சேறாத கடிதத்துக்கும் மென்பொருளுக்கும் பொருந்தாதாம். பதித்தல் அச்சோடு முடிகிறதா என்ன? ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் அதே ‘பதி’யில் பிறந்தவைதான். கருத்துக்கு உரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்று நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது. மனத்தில் கிடந்தது ஓரிடத்தில் பதிந்தால் உரிமை என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘படியுரிமை’ என்பாரும் உண்டு. ஏடு பார்த்துப் படியெடுத்த மரபு நமக்கு இருப்பதால் அதன் மேல் எனக்கு ஆசைதான். ஆனால் அரசு ஊழியர் காதில் விழுந்தால் அகவிலைப்படி என்று நினைத்துக்கொள்வார்.

பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக் குறி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ‘அறிவுசார் சொத்துரிமை’ என்று ஒன்று வைத்திருக்கிறோம். இலங்கையில் புலமைச் சொத்து என்று கச்சிதமாக முடித்துக்கொள்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கோ எதற்கும் ஒரு ‘சார்’ வேண்டும்: அறிவுசார், துறைசார், புவிசார். அறிவுச் சொத்து என்றால் யாருக்குப் புரியாமல் போகும்?