கடுகளவு பிம்பம்: பறவைப் படத்துக்கு எந்தக் கேமரா பாடி?

தண்ணீர்மலை முருகன் கோயிலைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பினாங்குத் தாவரவியல் பூங்கா. 1884இல் தொடங்கிய பூங்கா அது. இங்கே பொழுது தாமதமாகத்தான் விடியும். காலை ஏழரை மணிக்கும் மரத்தடியில் இருள் முழுதாக விலகியிருக்காது. அந்த வெளிச்சத்தில் செம்பருத்திப் புதரில் தேன்சிட்டு ஒன்று வந்து அமர்ந்தது. எனக்கும் அதற்கும் இடையே 20 மீட்டர். 400 மி.மீ. லென்ஸால் எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் மஞ்சள் வயிறு தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல்தான் இருந்தது.

பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனேன். "அண்ணே, சின்ன சென்சார் உள்ளதாக எடுங்கள். பறவை ஒன்றரை மடங்கு கிட்டே வரும்" என்றார் கடைக்காரர். சென்சார் என்பது பாடிக்குள் ஒளியைப் பிடித்துப் படமாக்கும் தகடு. பலரும் நம்பிச் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் லென்ஸ் அப்படி வேலை செய்வதில்லை.

பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். தேன்சிட்டு ஏறத்தாழ 110 மி.மீ. நீளம். அதை 400ஆல் பெருக்கி 20,000ஆல் வகுத்தால் 2.2 மி.மீ. சென்சாரின் மேல் விழும் பிம்பம் அவ்வளவுதான், ஒரு பெரிய கடுகின் அளவு. பின்னால் இருப்பது 36×24 மி.மீ. முழுச்சட்டக சென்சாராக இருந்தாலும், ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. உள்ள ஏபிஎஸ்-சி சென்சாராக இருந்தாலும் அந்தக் கடுகு வளர்வதுமில்லை, சுருங்குவதுமில்லை. சிறிய சென்சார் சுற்றியுள்ள இலைகளை வெட்டிவிடுகிறது. அதனால் பறவை பெரிதானதுபோல் தோன்றுகிறது.

அப்படியானால் பாடி எதைத்தான் மாற்றுகிறது? அந்தக் கடுகை எத்தனை துண்டாக நறுக்குகிறோம் என்பதை. 24 மெகாபிக்சல் முழுச்சட்டக சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர். தேன்சிட்டின் அலகு முதல் வால் வரை சுமார் 370 பிக்சல் கிடைக்கும். முழுச்சட்டகத்திலேயே 45 மெகாபிக்சல் என்றால் 500ஐச் சற்றே தாண்டும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் பிக்சல் 3.9 மைக்ரோமீட்டர்தான் என்பதால் 560 கிடைக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட மெகாபிக்சல் எண்ணைவிட, ஒரு பிக்சலின் அகலமே பறவைப் படக்காரருக்குப் பயன்படும் எண்.

"முழுச்சட்டகம் இருட்டில் நன்றாக எடுக்குமே?" என்று கேட்பார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்திருக்கிறீர்கள், தூறல் விழுகிறது. ஒன்றில் 7 துளி, பக்கத்துக் கிண்ணத்தில் 12 துளி. வானம் வஞ்சனை செய்யவில்லை, துளிகள் விழுவதே அப்படித்தான். பெருமழை கொட்டினால் எல்லாக் கிண்ணத்திலும் நீர்மட்டம் ஒன்றுபோல் தெரியும். ஒளியும் துகள்துகளாகத்தான் விழுகிறது. சராசரியாக 100 துகள் விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் 10 அளவில் இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரே சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிவது பெரும்பாலும் இந்தத் தூறல்தான். கேமராவின் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓவை உயர்த்தினால் கிடைத்த சமிக்ஞை பெருக்கப்படுமே தவிர, ஒரு துளிகூட அதிகம் விழாது.

பெரிய சென்சார் அதிக மழையைப் பிடிப்பது உண்மை. ஆனால் அதன் முழுப் பரப்பையும் பயன்படுத்தினால்தான் அந்தப் பலன். கடுகளவு பிம்பத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும்போது, அதன் மேல் விழுந்த ஒளி இரண்டு சென்சாரிலும் ஒன்றுதான். அந்த ஒளியை முடிவு செய்பவை லென்ஸின் திறப்பு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், பறவைக்கும் நமக்கும் உள்ள தூரம். இருட்டுக்காக மட்டும் பெரிய சென்சாருக்கு மாறி, பழைய லென்ஸையே மாட்டி, பழைய இடத்திலேயே நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புது பாடிக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் நினைக்கும் காரணம் வேறு: ஃபோக்கஸ். லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் ஒளியும் வலப்பக்கம் வழியாக வரும் ஒளியும் இரண்டு பிம்பங்களைத் தருகின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தால், லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் இதைச் செய்வது அந்தக் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணரி. படம் எடுக்கக் கண்ணாடி மேலெழும் கணத்தில் அதற்குப் பார்வை போய்விடும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே இந்த வேலையையும் செய்கிறது. அதோடு, பறவையின் உருவத்தைக் கற்றுக்கொண்ட மென்பொருள் கிளைகளுக்கு நடுவே கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. 2020இல் வந்த கேனன் ஆர்5 பறவைகளையும் அடையாளம் கண்டது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் இதில் வேகமாக முன்னேறின. நம் பூங்காக்களில் பறவைக்கு முன்னால் எப்போதும் ஓர் இலை இருக்கும். அதனால் இந்த வசதி இங்கே பெரிது.

பறக்கும் பறவைதான் உங்கள் விருப்பம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மின்னணு ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே 1/30 விநாடி ஓடிவிட்டால், அதற்குள் சிறகு நகர்ந்து, படத்தில் வளைந்த சிறகு பதியும். ஷட்டர் வேகத்தை 1/2000 என்று வைத்தாலும் இந்தக் கோணல் போகாது. வரிகளை மிக வேகமாகப் படித்து முடிக்கும் அடுக்கு சென்சார்கள் இதை வெகுவாகக் குறைத்தன. அந்த நம்பிக்கையில்தான் 2021இல் நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரே இல்லாமல் வந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள தெலுக் ஆயர் தாவார் கடலோரத்தில் கூட்டமாக எழும் கரைப்பறவைகளுக்கு இது தேவைப்படும். செம்பருத்தியில் உட்கார்ந்திருக்கும் தேன்சிட்டுக்குத் தேவையில்லை.

நான் பழைய 400 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் பாடி ஒன்றையும், லென்ஸை அதில் பொருத்தும் அடாப்டரையும் வாங்கினேன். மறு வாரம் அதே புதருக்கு 12 மீட்டர் தள்ளி, மண்ணில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். கடுகு 3.7 மி.மீ. ஆனது. பறவையின் மேல் 900க்கும் மேற்பட்ட பிக்சல்கள் கிடைத்தன. பிம்பத்துக்குக் கிடைத்த ஒளியும் ஏறத்தாழ 2.8 மடங்கு. பெரிதாக்கிப் பார்த்தபோது தேன்சிட்டின் கண்ணில் வெளுத்த வானமும், அதன் குறுக்கே ஒரு கிளையும் தெரிந்தன.