போன் கால் கட் ஆனால் குற்றம் ஹேண்ட்செட் மீதா?

"நடந்துகொண்டே பேசினால் லைன் கட் ஆகிறது. வேறு போன் கொடுங்கள்." வேலையிடங்களுக்கு வயர்லெஸ் போன் அமைத்துத் தரும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஹேண்ட்செட் நன்றாகவே இருக்கும். கோளாறு சுவரிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ இருக்கும்.

நீங்கள் பேசுவது ஹேண்ட்செட்டிலிருந்து ரேடியோ அலையாகக் கிளம்பி, சுவரிலோ சீலிங்கிலோ மாட்டியிருக்கும் பேஸ் ஸ்டேஷன் என்ற ரேடியோ பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாக ஸ்விட்சுக்கு (கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் பெட்டி), பிறகு பிபிஎக்ஸுக்கு (வேலையிடத்தின் சொந்தத் தொலைபேசி இணைப்பகம்). வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது ஹேண்ட்செட்டை மட்டும்தான். தரத்தைத் தீர்மானிப்பதோ பேஸ் ஸ்டேஷன்.

இவ்வகைப் போன்களில் பரவலாக இருப்பது டெக்ட் (DECT) என்ற ரேடியோ தொழில்நுட்பம். ஐரோப்பாவில் 1880–1900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 1920–1930 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது ஓடுகிறது; வைஃபை அங்கே இல்லாததால் அதன் நெரிசல் இதைத் தொடுவதில்லை. நேரத்தை 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 24 பங்காகப் பிரிக்கிறது. போக ஒன்று, வர ஒன்று என்றால், ஒரு பேஸில் ஒரே சமயம் 12 உரையாடல்கள். நடைமுறையில் பல மாடல்கள் அதற்கும் குறைவாகவே தாங்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சிக்னல் முழுதாகக் காட்டியும் லைன் கிடைக்கவில்லையென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நடக்கும்போது கட் ஆவது வேறு கதை. ஒரு பேஸின் எல்லையிலிருந்து அடுத்ததின் எல்லைக்குள் நுழையும்போது பேச்சு அறுபடாமல் கை மாற வேண்டும். அதற்கு இரண்டின் பரப்பும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இரண்டும் ஒரே நேரக்கணக்கில் ஓடவும் வேண்டும். பல அமைப்புகளில் ஒரு பேஸ் பக்கத்து பேஸின் சிக்னலைக் கேட்டுத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இப்படிச் சங்கிலியாகப் போகும். பெயின்ட் அடிக்க வந்தவர் நடுவிலிருக்கும் ஒன்றைக் கழற்றி ஏசி டக்ட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனால், அதை நம்பியிருந்த பேஸ்களும் தடுமாறும். புகார் வருவது வேறு மாடியிலிருந்து! ஒவ்வொரு பேஸின் இடத்தையும் குறித்த வரைபடம் ஒன்றைக் கட்டடப் பராமரிப்பாளரிடம் கொடுத்து வையுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சைட் சர்வே (எங்கெங்கே சிக்னல் எட்டுகிறது என்று நேரில் அளந்து பார்ப்பது) எடுக்காமல் பேஸ் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். கட்டடத்துக்குள் ஒரு பேஸ் சுமார் 50 மீட்டர் எட்டும் என்பார்கள். இரும்பு ரேக், லிஃப்ட், கான்கிரீட் சுவர் வந்தால் அந்தக் கணக்கு நிற்காது. காலி கிடங்கில் எடுத்த சர்வேயும் உதவாது. ரேக்குகளில் சரக்கு ஏறியபின், தீத்தடுப்புக் கதவுகளைச் சாத்திவைத்து, படிக்கட்டு, கழிவறை வரை பேசிக்கொண்டே நடந்து பார்க்க வேண்டும்.

இடையில் சிக்னல் விழாத மூலைக்கு ரிப்பீட்டர் (பேஸின் சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் கருவி) போதும் என்பார்கள். அதற்கு நெட்வொர்க் கேபிள் வேண்டாம், மின்சாரம் போதும், சரிதான். ஆனால் அது தூரத்தைக் கூட்டுமே தவிர, ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டாது. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் கேபிள் இழுத்து இன்னொரு பேஸ் வைப்பதே நல்லது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மின்சாரம். பேஸ் ஸ்டேஷனுக்குப் பெரும்பாலும் நெட்வொர்க் கேபிள் வழியாக ஸ்விட்சிலிருந்தே பவர் போகிறது. பிபிஎக்ஸுக்கு யூபிஎஸ் இருக்கும், மாடியில் உள்ள அந்தச் சின்ன ஸ்விட்சுக்கு இருக்காது. கரண்ட் போனதும் ஹேண்ட்செட்டில் பேட்டரி நிறைய இருக்கும், பேச வழியிருக்காது. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியரோ காவலரோ ஹேண்ட்செட்டின் அவசர பட்டனை அழுத்துவது அந்த நேரத்தில்தான் என்றால்? அமைப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் முன், மாடி ஸ்விட்சின் மின் இணைப்பை உங்கள் கண்முன்னே துண்டிக்கச் சொல்லுங்கள். பிறகு அவசர பட்டனை அழுத்தி, யாருக்கு மணி அடிக்கிறது, எந்த இடமென்று அங்கே சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.