சூரிய மறைவா, சூரிய மறைப்பா?

சனிக்கிழமைகளில் வடசென்னையில் ஒரு பள்ளிக்கு வானியல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். போன வாரம் அவர்களுக்குக் கொடுக்க வந்த பயிற்சித்தாளில், "சூரிய மறைவை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது" என்று அச்சாகியிருந்தது. முன்வரிசையில் இருந்த பெண் உடனே கேட்டாள்: "அக்கா, சூரியன் டெய்லி சாயங்காலம் மறையுதே, அதுக்கு எதுக்குக்கா கண்ணாடி?"

அவள் கேட்டது முழுக்கச் சரி. தமிழில் சூரிய மறைவு என்றால் அந்தி. கிரகணத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டதை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய சொல். கிரகணம் வடசொல், பிடித்தல், பற்றுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கிரகம் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இராகுவோ கேதுவோ வந்து பிடித்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்றும் நம் வீடுகளில் "கிரகணம் பிடிச்சிருக்கு", "விட்டாச்சு, போய்க் குளி" என்றுதான் சொல்கிறோம். தமிழிலும் பழைய எண்ணம் இதுவே. திங்களைப் பாம்பு கொண்டதைப் போல ஊருக்கே தெரிந்துவிட்டது என்று 1146ஆம் குறளில் காதலி சொல்கிறாள். அந்தக் 'கொள்'ளிலிருந்து பிறந்ததுதான் கோள். சங்கப் பாட்டிலேயே விண்மீனை நாண்மீன் என்றும் கோளைக் கோண்மீன் என்றும் பிரித்திருக்கிறார்கள். கோள் உருண்டையாக இருப்பதால் கோளத்திலிருந்து வந்தது என்று சில ஆசிரியர்கள் சொல்வது தவறு. கோளம் வேறு, வடசொல்.

வகுப்பறையில் கிரகணத்தை நான் தவிர்ப்பதற்கு அது வடசொல் என்பது மட்டும் காரணமில்லை. கிரகம், கிரகணம் இரண்டையும் ஒரே பாடத்தில் கேட்கிற பிள்ளை, ஏதோ ஒரு கிரகம் குறுக்கே வருவதுதான் கிரகணம் என்று நினைத்துக்கொள்கிறது. "எந்த கிரகம்க்கா? ராகுவா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இராகுவும் கேதுவும் கோள்களே இல்லை. நிலாவின் பாதையும், சூரியன் வானத்தில் போவதாக நமக்குத் தெரிகிற பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் எல்லா அமாவாசையிலும் இது நடப்பதில்லை. அந்தப் புள்ளிகளில் ஒன்றை ஒட்டி அமாவாசை வர வேண்டும். இவ்வளவையும் விளக்க வேண்டிய இடத்தில் சொல்லே குழப்பினால் என்ன செய்வது?

சரி, தமிழ்ச்சொல் வேண்டும் என்று நினைத்தது நல்லதுதான். ஆனால் மறைவு ஏன்? மறைகிறது, மறைக்கிறது என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. தானாக மறைந்தால் மறைவு. ஒன்று இன்னொன்றை மறைத்தால் மறைப்பு. தன்வினை, பிறவினை என்று இதே பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படிக்கிறார்கள். அழிவு வேறு, அழிப்பு வேறு. விலைக் குறைவு வேறு, விலைக் குறைப்பு வேறு என்பது தி.நகரில் துணி வாங்கப் போகும் எல்லாருக்கும் தெரியும். கிரகணத்தின்போது சூரியன் எங்கேயும் போகவில்லை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் நிலா வந்து நின்றது, அவ்வளவுதான். மறைவு என்ற சொல்லில் அந்த நிலாவுக்கு இடமே இல்லை. பாடத்தின் உயிரே அதுதான்! போதாததற்கு, தலைவர்கள் இறந்தாலும் மறைவு என்றுதான் எழுதுகிறோம்.

இதைச் சொன்னபோது எனக்கு வந்த பதில்கள் இரண்டு. மறைப்பு என்றால் தட்டி, தடுப்பு மாதிரி ஒலிக்கிறதாம். ஒலிக்கட்டும், அதுதான் வேண்டும். வெயில் அடித்தால் ஜன்னலுக்கு ஒரு மறைப்புக் கட்டுகிறோம். வெயில் எங்கும் போகவில்லை, நம் மேல் படவில்லை. கிரகணத்தை இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? இரண்டாவது பதில், சூரிய மறைப்பு என்றால் சூரியன் எதையோ மறைப்பதாகப் பொருள் வந்துவிடுமாம். கடையடைப்பு என்றால் கடை எதையாவது அடைக்கிறதா? கடையை அடைப்பது கடையடைப்பு, சூரியனை மறைப்பது சூரிய மறைப்பு. இரண்டாம் வேற்றுமைத் தொகை. இதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

நிலாவுக்கு வரும்போது மறைப்பு கொஞ்சம் நொண்டுகிறது, மறுக்கவில்லை. அங்கே நமக்கும் நிலாவுக்கும் நடுவில் யாரும் இல்லை. பூமியின் நிழல் அதன் மேல் விழுகிறது. முழுதாக நிழலுக்குள் போன பிறகும் செம்பு நிறத்தில் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நிலாவில் நின்று பார்த்தால் பூமி சூரியனை மறைப்பது தெரியும். அதனால் வகுப்பில் நிலா மறைப்பு என்று சொன்ன கையோடு ஒரு கேள்வியும் கேட்பேன்: எது, எதை, யாரிடமிருந்து மறைக்கிறது? பூமி, சூரியனை, நிலாவிடமிருந்து. சூரிய மறைப்பில் நிலா, சூரியனை, நம்மிடமிருந்து. இந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் படமே தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நிலா சற்றுத் தள்ளி இருக்கும்போது சூரியனை முழுக்க மூட முடியாமல் ஓரம் வளையமாகத் தெரியும். நிலாவைவிட சூரியன் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது என்பதால் தூரம் கொஞ்சம் மாறினாலே இப்படி ஆகிவிடும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் தெரிந்தபோது கங்கண கிரகணம் என்றார்கள். அந்தச் சொல் பிள்ளைகளுக்குப் புரியாது, ஆனால் பொருள் சரி; கங்கணம் என்பது வளையல். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்தபோதோ எங்கு பார்த்தாலும் 'நெருப்பு வளையம்'. ஆங்கிலத்தில் பார்த்ததை அப்படியே இறக்கிவிட்டார்கள். அங்கே நெருப்பு எரியவில்லை. அது போக, புவியியல் பாடத்தில் பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள எரிமலைப் பகுதிக்கும் நெருப்பு வளையம் என்றுதான் பெயர். ஒரே பிள்ளை ஒரே பெயரை இரண்டு பாடத்தில் படிக்க வேண்டும். வளைய மறைப்பு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தென் தமிழகத்தில் அடுத்த வளைய மறைப்பு 2031 மே 21 அன்று. இப்போது ஏழாவது படிப்பவர்கள் அதற்குள் வளர்ந்திருப்பார்கள். நான் இப்போதைக்குப் பயிற்சித்தாளில் 'மறைவு' வரும் இடத்திலெல்லாம் 'வு'வை அடித்துவிட்டு, 'ப்பு' என்று பேனாவால் எழுதி நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.