73 மாடி ஹோட்டலில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும்

அமெரிக்காவின் அட்லாண்டா நகர மையத்தில் வெஸ்டின் பீச்ட்ரீ பிளாசா என்றொரு ஹோட்டல் இருக்கிறது. கண்ணாடி போர்த்திய உருளை வடிவக் கட்டடம், 73 மாடி, சுமார் 220 மீட்டர் உயரம். 1976-இல் திறந்தார்கள். இதுபோன்ற கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உயரம், லிஃப்ட், உச்சியிலிருந்து தெரியும் காட்சி என்றுதான் போகும். எனக்கு அவற்றைவிடப் பெரிய ஆச்சரியம், அவ்வளவு உயரத்திலும் ஷவரைத் திருகினால் தண்ணீர் சாதாரணமாகக் கொட்டுவதுதான்.

10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கூடும். குழாய் பெரிதா சிறிதா என்பது முக்கியமே இல்லை, உயரம்தான் கணக்கு. அப்படியானால் 220 மீட்டருக்கு ஒரே குழாயில் தண்ணீர் நின்றால் அடியில் 22 பார் இருக்கும். ஷவருக்கு 2, 3 பார் தாராளம். 5 பாரைத் தாண்டிப் போனால் வாஷர் சீக்கிரம் தேயும், இணைப்புகள் கசியும், குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று அதிரும். வலுவான பம்ப் இருந்தால் தண்ணீர் மேலே ஏறிவிடும். கீழ் மாடிகளை அந்த அழுத்தத்திலிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

அதனால் வானளாவிய கட்டடங்களில் மாடிகளைப் பத்துப் பதினைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். விருந்தினர் தங்காத சில இடைத்தளங்களில் தொட்டிகளும் பம்புகளும் இருக்கும். கீழ்த்தொட்டியிலிருந்து நடுத்தொட்டிக்கு ஒரு பம்ப், அங்கிருந்து மேலே இன்னொன்று. மேலிருந்து இறங்கும் வழியில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று வைப்பார்கள். அதன் உள்ளே ஒரு சவ்வு, அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். வெளியேறும் பக்கம் அழுத்தம் கூடினால் சவ்வு ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளி வழியைக் குறுக்கும். அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் வென்று வழி அகலும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். இவ்வளவு எளிய கருவியைப் பார்த்தால் எனக்கு மரியாதையே வருகிறது.

வெந்நீருக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. குழாயில் தேங்கினால் ஆறிவிடும் என்பதால், யாரும் திறக்காதபோதும் அதைச் சுற்றோட்டத்திலேயே வைத்திருப்பார்கள்.

சரி, ஏறிய தண்ணீர் இறங்க வேண்டுமே? 220 மீட்டரிலிருந்து தடையில்லாமல் விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 230 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் எடுத்திருக்கும். கழிவுநீர் அந்த வேகத்தில் வந்தால் அடியிலுள்ள வளைவு உடைந்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். உடையாது. தண்ணீர் குழாயின் நடுவில் விழுவதில்லை, உட்சுவரை ஒட்டிப் படலமாக வழிகிறது. சுவரின் உராய்வு பிடித்து இழுப்பதால், சில மீட்டர் இறங்குவதற்குள்ளேயே வேகம் வினாடிக்குச் சில மீட்டர் என்ற அளவில் நின்றுவிடும். அப்புறம் எத்தனை மாடி இறங்கினாலும் அதே வேகம்தான்.

உண்மையான தொல்லை நடுவில் இருக்கும் காற்றுதான். வழியும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துப் போகிறது. அதனால் மேல்பகுதியில் உறிஞ்சல் உண்டாகும். அடியில் குழாய் படுக்கையாகத் திரும்பும் இடத்தில் காற்று நெரிபடும். வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடை அறைக்குள் வராமல் தடுப்பது அதுதான். அந்த 5 சென்டிமீட்டரைத் தூக்கியடிக்க 0.005 பார் போதும். ஒரு பக்கம் 22 பாரோடு மல்லுக்கட்டிய பொறியாளர், இந்தப் பக்கம் அதில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்குக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது! அதற்காகவே கழிவுக்குழாயின் கூடவே ஒரு காற்றுக்குழாயை மொட்டைமாடி வரை கொண்டுபோய்த் திறந்துவிடுகிறார்கள். அழுத்தம் மோசமாக மாறும் அடிமாடிகளுக்குப் பெரும்பாலும் தனிக் கழிவுக்குழாயே போடுவார்கள்.

ஆனால் பல நாள் பூட்டிக் கிடக்கும் அறையில், வளைவில் நிற்கும் தண்ணீர் தானாகவே ஆவியாகிப் போய்விடும். அதற்குக் காற்றுக்குழாயால் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது போய்க் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டியதுதான்.